ரயிலை நிறுத்திய பனி

ஒரு சின்னக் கேள்வி. பொம்மை ரயிலுக்குப் பனி வேண்டும். எதை வைத்துச் செய்வது?

கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் உடனே பதில் வரும்: "பஞ்சை எடுத்துப் பிய்த்துப் போடு, முடிந்தது!" அமெரிக்காவிலும் இதே கதைதான். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம் போட்டு, அடியில் பஞ்சு விரித்து, அதன் மேல் பொம்மை ரயில் ஓட்டுவது அங்கே தாத்தா காலத்துப் பழக்கம். 1900ல் தொடங்கிய லயனல் கம்பெனியின் ரயில்கள் இப்படித்தான் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. பார்ப்பதற்கு அந்தப் பஞ்சுப் பனி அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குறை. அந்தப் பனியால் ஒரு ரயிலை நிறுத்த முடியும் என்று பார்ப்பவர் யாருக்கும் தோன்றாது.

உண்மையான பனி ரயிலை நிறுத்தும். நிறுத்தியும் இருக்கிறது.

(தமிழில் 'பனி' என்றால் மார்கழி மூடுபனி, புல் நுனியில் நிற்கும் பனித்துளி எல்லாமே பனிதான். இங்கே பேசப்போவது வானத்திலிருந்து கொட்டி ஆளுயரத்துக்குக் குவியும் வெண்பனியைப் பற்றி.)

1952, ஜனவரி 13

கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் சியர்ரா நெவாடா மலைத்தொடர் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு 'பனி மூடிய மலைத்தொடர்' என்றே பொருள். அதைக் கடக்கும் ரயில்பாதை 1860களில் போடப்பட்டது. சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் பாறையைக் குடைந்து போட்ட பாதை அது. பாதை ஏறிக் கடக்கும் கணவாயின் பெயர் டானர். 1846-47 குளிர்காலத்தில் அங்கே பனியில் மாட்டிக்கொண்டு, ஏறத்தாழ பாதிப்பேரை இழந்த ஒரு குடியேறிகள் கூட்டத்தின் பெயர்தான் கணவாய்க்கு வந்தது. இடத்தின் குணம் பெயரிலேயே இருக்கிறது!

1952 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவை நோக்கி 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற சொகுசு ரயில் டானர் கணவாயைத் தாண்டி மேற்குப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. யூபா கேப் என்ற இடத்துக்கு அருகில் பனிக்குவியலில் முட்டி நின்றது. முன்னால் போக முடியவில்லை. பின்னால் வரவும் முடியவில்லை. புயல் விடாமல் அடித்தது. சுமார் 12 அடி உயரத்துக்குப் பனி குவிந்தது. உள்ளே பயணிகளும் ஊழியர்களுமாக 226 பேர். எரிபொருள் தீர்ந்தது, பெட்டிகளைச் சூடாக்கும் வசதி நின்றது. மீட்க வந்த பனி அகற்றும் எஞ்சின்களும் மாட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்றின் ஓட்டுநர் பனிச்சரிவில் இறந்துபோனார். ஜனவரி 16 அன்று பக்கத்திலிருந்த 40ம் எண் நெடுஞ்சாலையைச் சுத்தம் செய்துகொண்டு மீட்புக் குழு வந்து சேர்ந்தது. பயணிகள் ரயிலிலிருந்து இறங்கி, பனிக்குள் நடந்து, சாலைக்குப் போனார்கள். ரயிலில் இருந்த 226 பேரும் பிழைத்தார்கள். ரயிலை வெளியே இழுக்க 19ம் தேதி வரை ஆனது.

சரி, இதற்கும் பொம்மை ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் வருகிறோம்.

ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்

மாதிரி ரயில் கட்டுவது மேலை நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொல்வதே தவறு, பலருக்கு அது பாதி வாழ்க்கை. வீட்டின் நிலவறையிலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ மரச்சட்டம் அடித்து, அதன் மேல் மலை, ஆறு, ஊர், தண்டவாளம் எல்லாம் கட்டுவார்கள். 'லேஅவுட்' என்று அதற்குப் பெயர். அதிகம் பேர் பயன்படுத்துவது எச்.ஓ என்ற அளவு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இதில் 1 மீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 16.5 மில்லிமீட்டர்!

இப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், 'அவர்' என்றே இருக்கட்டும். டானர் கணவாயைத் தன் நிலவறையில் பத்து வருடமாகக் கட்டி வருகிறார். எல்லாம் கோடைக்காலம். பழுப்புப் பாறை, பச்சை ஊசியிலை மரங்கள், நீல வானம். ரயில்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஒருநாள் அவருக்கு ஓர் ஆசை வருகிறது. யூபா கேப் பகுதியை மட்டும் 1952 ஜனவரியாக மாற்ற வேண்டும்.

ஆசை சின்னதுதான். ஆனால் அதற்குள் இரண்டு பெரிய சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, பனி போட்டால் போட்டதுதான். புல் பிடிக்கவில்லை என்றால் பிய்த்துவிட்டு வேறு ஒட்டலாம். மரத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம். பனி அப்படி இல்லை. மாவு மாதிரியான பொருள், பசையோடு சேர்ந்து ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி உறைந்துவிடும். சரியாக வரவில்லை என்றால் பத்து வருட உழைப்பின் ஒரு பகுதியைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. ரயில் மாடல் கட்டுகிறவரின் சந்தோஷமே ரயில் ஓடுவதில்தான் இருக்கிறது. 1952 ஜனவரி 13 முதல் 19 வரை அந்த ரயில் ஓடவில்லை. உண்மையாகக் கட்டினால் ரயில் நிற்க வேண்டும். நிரந்தரமாக.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று பார்ப்போம்.

எதனால் செய்வது?

விவரம் தெரிந்தவர்கள் முதலில் லேஅவுட்டைத் தொடவே மாட்டார்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பலகை எடுத்து, அதில் கொஞ்சம் பாறை, இரண்டு மரம், ஒரு துண்டு தண்டவாளம் வைத்து, அதன் மேல் பரிசோதனை நடத்துவார்கள். அவரும் அப்படித்தான் தொடங்குகிறார்.

முதலில் கைக்கு எட்டுவது சமையலறைதான். சர்க்கரை? எறும்புக்கு விருந்து. அதை விடப் பெரிய பிரச்சினை அளவு. ஒரு சர்க்கரைத் துகள் சுமார் அரை மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 4 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. அந்தச் சின்ன உலகத்து மனிதர்களுக்கு அது பனி இல்லை, ஐஸ்கட்டி மழை! உப்பும் ஏறக்குறைய அப்படித்தான். அதோடு உப்பு ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தையும் கெடுக்கும்.

ஆப்பசோடாவை நிறையப் பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள். துகள் சின்னது, வெண்மை நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நாளாக ஆக மஞ்சள் பூக்கிறது, பொருக்குத் தட்டுகிறது, ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கிறது என்று அனுபவப்பட்டவர்கள் எச்சரிக்கிறார்கள். ஒரு வாரக் கண்காட்சிக்குச் சரி. வருடக்கணக்கில் நிற்க வேண்டிய வேலைக்குச் சரிப்படாது.

கடையில் பனிக்கென்றே விற்கும் பொருட்கள் இருக்கின்றன. உட்லண்ட் சீனிக்ஸ், நாஹ் போன்ற கம்பெனிகளின் பனித்தூள் டப்பாக்கள் உண்டு. இன்னொன்று கண்ணாடி நுண்கோளங்கள். உள்ளே வெற்றிடமான, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத கண்ணாடிக் குமிழிகள். படகு ரிப்பேர் செய்கிறவர்கள் பிசினோடு கலக்கப் பயன்படுத்துவது. உலர்ந்த தூள் பனிக்கு இது பிரமாதமாகப் பொருந்தும், ஒளியை மெல்லச் சிதறடிக்கும். ஆனால் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

கடைசியில் பலர் வந்து நிற்கும் இடம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நம் ஊரில் கை முறிந்தால் மாவுக்கட்டு போடும் அதே பொருள்தான். பால் வெண்மை, பளபளப்பு இல்லை, மாவு போல நுணுக்கம், தண்ணீர் பட்டால் தானே இறுகும், சீக்கிரம் மஞ்சளாகாது.

இங்கே ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. சியர்ரா மலையில் விழும் பனி பெரும்பாலும் உலர்ந்த தூள் கிடையாது. பசிபிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று மலையில் மோதி இறக்கிவைக்கும் கனத்த பனி. பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'சியர்ரா சிமெண்ட்'! புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ இருக்கலாம். காற்று அடித்து இறுக்கிய பனி 300, 400 கிலோ வரை போகும். அந்த ரயிலின் முன்னால் குவிந்தது பஞ்சு இல்லை, சுவர். ஆக, சிமெண்ட் பனியைக் காட்டுவதற்குச் சிமெண்டின் தம்பியான பிளாஸ்டரை எடுப்பது நியாயமான தேர்வுதான்.

பனி எங்கே விழும், எங்கே விழாது

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முடிந்துபோன காட்சியின் மேல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வெள்ளையைத் தூவிவிடுவார்கள். பார்ப்பதற்கு மைதா மூட்டை உடைந்த மளிகைக்கடை மாதிரி இருக்கும்.

அவருடைய முதல் பலகையும் அப்படித்தான் ஆகிறது. தூக்கி ஓரமாக வைக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் புரியும். பனி மேலிருந்து விழுகிறது. செங்குத்தான பாறை முகத்தில் அது நிற்காது, அங்கே கல் தெரிய வேண்டும். பாறையின் சின்னச் சின்ன விளிம்புகளில் மட்டும் கோடு கோடாக உட்காரும். கிளையின் மேல்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் பச்சை. அடர்ந்த மரத்தின் தண்டைச் சுற்றிப் பனி குறைவாக இருக்கும், ஏனென்றால் கிளைகள் குடை பிடிக்கின்றன. காற்று வரும் பக்கத்தில் மரத்தண்டின் மேல் பனி அறைந்து ஒட்டியிருக்கும். காற்று மறையும் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால், பாறைக்குப் பின்னால், குவியலாகச் சேரும். அந்தக் குவியலின் ஒரு பக்கம் சரிவாகவும் இன்னொரு பக்கம் கூர்மையான விளிம்போடும் இருக்கும்.

ஆகவே முதல் முடிவு: காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? இதைத் தீர்மானிக்காமல் ஒரு சிட்டிகை தூள்கூடப் போடக் கூடாது. அவர் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு லேஅவுட்டின் ஓரத்தில் ஒட்டிவைக்கிறார். வேலை முடியும் வரை அது அங்கேயே இருக்கும்.

இரண்டாவது முடிவு: ஆழம் தூவலால் வராது. 12 அடிப் பனிக்குவியல் எச்.ஓ அளவில் சுமார் 4 சென்டிமீட்டர். அவ்வளவையும் தூளாகக் கொட்டினால் காய வாரங்கள் ஆகும், வெடிக்கும், இடியும். அதனால் குவியலின் உடம்பைத் தெர்மாகோல் மாதிரியான கெட்டி நுரைப்பலகையில் செதுக்கி ஒட்டுகிறார்கள். அதன் மேல் குழைத்த பிளாஸ்டரைத் தடவி, ஈரத் தூரிகையால் வழவழப்பாக்குகிறார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பூச்சு. இதைச் செய்யாவிட்டால் மெல்லிய தூவல் வழியாக அடியிலிருக்கும் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

கடைசியில்தான் தூவல். அதற்குக் கருவி, டீ வடிகட்டி! உலர்ந்த பிளாஸ்டரை வடிகட்டியில் போட்டு, காற்று வரும் பக்கம் நின்று, விரலால் தட்டித் தட்டிப் பொழிய வைக்க வேண்டும். பிறகு தண்ணீரைப் புகை மாதிரி நுணுக்கமாகத் தெளிக்க வேண்டும். நேரே பனியைப் பார்த்துப் பீச்சினால் மழைத்துளி விழுந்த மணல் மாதிரிக் குழி குழியாகிவிடும். மேலே காற்றில் தெளித்து, அது தானாக இறங்கும்படி விட வேண்டும். தண்ணீரில் சில சொட்டு ஆல்கஹால் சேர்த்தால் திரண்டு நிற்காமல் ஊறி இறங்கும். ஒரு படலம் இறுகியபின் அடுத்தது. நான்கைந்து முறை. பொறுமை இல்லாதவர்கள் பஞ்சுக்கே திரும்பிவிடலாம்!

பனி வெள்ளை இல்லை

இரண்டாவது பலகை வடிவத்தில் சரியாக வருகிறது. ஆனாலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. பனி பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறது. ஏன்?

பார்த்தால், தலைக்கு மேல் எரிவது மஞ்சள் பல்பு. நிஜப் பனி தன் மேல் விழும் ஒளியில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது பனிக்கென்று சொந்த நிறம் ஏதும் இல்லை, வானத்தின் நிறம்தான் அதன் நிறம். மஞ்சள் விளக்கின் கீழே வெள்ளைப் பிளாஸ்டர் பாலேடாகத் தெரியத்தான் செய்யும். பகல் வெளிச்சம் மாதிரியான விளக்குக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்கிறது.

மீதிப் பாதி நிழலில் இருக்கிறது. வெயில் நாளில் பனியின் நிழல் நீலமாக இருக்கும், ஏனென்றால் நிழலுக்குள் ஒளி தருவது நீல வானம் மட்டுமே. மேகம் மூடிய நாளில் நிழலே மங்கிவிடும், எங்கும் ஒரு சாம்பல் வெளிறல். புயல் நாளைக் காட்டுகிறவர் பளிச்சென்ற நீல நிழல் பூசினால் அது பொய். எனவே பள்ளங்களில் மட்டும், தண்ணீராகக் கரைத்த சாம்பல் நீலம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு.

இதோடு அழுக்கு. ஆம், அழுக்கு! இந்த மலையில் சதர்ன் பசிபிக் கம்பெனி விசேஷமான நீராவி எஞ்சின்களை ஓட்டியது. ஓட்டுநர் அறை பின்னால் இல்லாமல் முன்னால் இருக்கும். பனி விழாமலிருக்கப் பாதையின் மேல் மைல்கணக்கில் கட்டிய கூரைக் கொட்டகைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் போகும்போது புகையில் ஓட்டுநர் மூச்சுத் திணறக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தப் புகையின் கரி எங்கே போகும்? பாதையோரப் பனியில்தான். எனவே தண்டவாளத்துக்கு அருகில் பழைய பனி சாம்பல் நிறம், அதன் மேல் நேற்று விழுந்த புதுப் பனி வெள்ளை. பனி அகற்றும் எஞ்சின் வெட்டிப் போன இடத்தில் இரண்டு பக்கமும் நேர்ச்சுவராக நிற்கும் பனியில் இந்த அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு புயல்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. நல்ல பனிக்காட்சி என்பது 'பனி விழுந்தது' என்று மட்டும் சொல்வதோடு நிற்பதில்லை. விழுந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறது. எந்தப் பக்கம் காற்று அடித்தது, எத்தனை நாள் ஆயிற்று, எது வந்து போனது, யார் நடந்தார்கள். பஞ்சுப் பனியில் குறைவது வெண்மை கிடையாது, காலம்தான்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற பிரம்மாண்டமான மாதிரி ரயில் உலகம் 2001ல் திறக்கப்பட்டது. பிறகு அதில் சேர்த்த ஸ்காண்டிநேவியப் பகுதியில் ஸ்வீடனின் வடகோடியில் இருக்கும் கிருணாவின் பனிக்காட்சி உண்டு. அங்கே பனிக்கு நடுவில் ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அது உண்மையும்கூட. கிருணாவின் இரும்புத்தாது ரயில்கள் ஆர்க்டிக் குளிர்காலத்திலும் ஓடுகிறவை. அந்த இடத்துக்கு அதுதான் சரியான பனி. யூபா கேப்பின் பனி வேறு.

தண்டவாளம்

எச்.ஓ தண்டவாளத்தின் உயரம் 2 மில்லிமீட்டர் சொச்சம். மாதிரி எஞ்சினுக்கு மின்சாரம் அந்தத் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. மேல்பரப்பில் ஒரு மெல்லிய பிளாஸ்டர் படலம் இருந்தாலே ஓட்டம் தடுமாறும். தூள் எஞ்சினின் பல்சக்கரங்களுக்குள் போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி அரைத்துத் தின்றுவிடும். ஆக, அந்தச் சின்ன உலகத்திலும் பனி ரயிலை நிறுத்தும்!

அதனால் ரயில் ஓடும் இடங்களில் தண்டவாளத்தின் தலையில் டேப் ஒட்டி மறைத்து, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பனியைத் தலைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்த வேண்டும். சக்கரத்தின் விளிம்பு ஓடத் தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கம் ஒரு காடி விட வேண்டும். பாதை பிரியும் இடத்தில் அசையும் நாக்குகளுக்கு அருகில் பனியே போடக் கூடாது. இதுவும் நிஜத்துக்குப் பொருந்துகிறது. உண்மையான ரயில்வேயிலும் அந்த இடங்களை ஆள் விட்டுப் பெருக்கியோ சூடேற்றியோ சுத்தமாக வைத்தே ஆக வேண்டும். மாடலுக்காகச் செய்யும் சமரசமும் நிஜமும் ஒன்றாக வந்து நிற்கும் அபூர்வமான இடம் அது.

ஆனால் சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ நின்ற இடத்தில்? அங்கே காடி விட முடியாது. பெட்டியின் சக்கரங்கள் பனிக்குள் புதைந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் ஜன்னல் வரை பனி ஏறியிருக்க வேண்டும். ஒட்டிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு பெட்டியும் அவர் கையால் வண்ணம் அடித்தது. பல வருடம் ஓட்டிப் பார்த்து ரசித்தது.

இங்கே அவர் பல நாள் நிற்பார். யாராக இருந்தாலும் நிற்பார்கள். குறுக்குவழிகள் இருக்கத்தான் செய்கின்றன. பனியைக் கொஞ்சம் குறைத்து, ரயிலை ஓட விட்டு, "புயலுக்கு முந்தின நாள்" என்று சொல்லிவிடலாம். ஜன்னல்களில் மஞ்சள் விளக்குப் போட்டு, வாழ்த்து அட்டை மாதிரி ஆக்கிவிடலாம். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் உள்ளே மூன்று நாள் போர்வைக்குள் சுருண்டு, வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த 226 பேருக்கு அது நியாயமாகுமா? அவர்களுக்கு உதவ வந்து திரும்பாத அந்த ஓட்டுநருக்கு?

அவர் ரயிலை வைக்கிறார். காற்று மறையும் பக்கம் பார்த்து நுரைப்பலகை ஒட்டுகிறார். பிளாஸ்டர் குழைக்கிறார். சக்கரங்கள் மறைகின்றன. வடிகட்டியைத் தட்டுகிறார். கூரையின் மேல் பனி உட்காருகிறது. விளக்குகளை எரியவிடவில்லை.

கடைசி வேலை

பிளாஸ்டர் தண்ணீர் பட்டுச் சில நிமிடம் மிருதுவாக இருக்கும், பிறகு இறுகிவிடும். அந்தச் சில நிமிடத்துக்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

ரயிலிலிருந்து நெடுஞ்சாலை வரை ஓர் ஒற்றையடிப் பாதை. ஆள் நடக்கும் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள். ஒரு சின்ன மரக்குச்சியின் முனையால் அழுத்தி அழுத்திச் செய்ய வேண்டும். ஒருவர் நடந்தால் காலடிகள் தனித்தனியாகத் தெரியும். இத்தனை பேர் நடந்தால் காலடி தெரியாது, மிதிபட்ட ஒரு பள்ளம்தான் இருக்கும், ஓரங்களில் மட்டும் சறுக்கி விலகிய சில தடங்கள். நடுவில் கொஞ்சம் அழுக்கு. மனித உருவம் ஒன்றுகூட வேண்டாம். பாதை போதும்.

பார்க்க வரும் குழந்தை முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: "இந்த ரயில் ஏன் ஓடல?"

மற்ற தண்டவாளங்களில் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும். இது மட்டும் நிற்கும். ஒரு மாதிரி ரயில் லேஅவுட்டில் இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது பாருங்கள், அதுதான் வேலை வெற்றி பெற்றதற்கு அடையாளம். பஞ்சுப் பனியைப் பார்த்து யாரும் எதையும் கேட்பதில்லை.

அவர் பதில் சொல்லாமல் அந்தப் பாதையைக் காட்டுவார். குழந்தை குனிந்து பார்க்கும். "இங்கேர்ந்து யாரோ இறங்கி நடந்து போயிருக்காங்க!"

ஆமாம். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

நண்பர்களே, அடுத்த டிசம்பரில் எங்காவது குடிலிலோ கடைக் கண்ணாடிக்குள்ளோ பஞ்சுப் பனியைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று கேட்டுப் பாருங்கள்: இதில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?